வறண்டு போகாத டூனா பாஸ்தா: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மீனையும் பாஸ்தாவையும் சேர்த்து ஓவனில் வைத்தெடுக்கும் அமெரிக்க வீட்டுச் சமையல் ஒன்றைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (எல்லீஸ் நகர் வாசகி): அம்மா அவர்களுக்கு வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே சாப்பிட்ட டூனா பாஸ்தா கேசரோலைப் பற்றியே பேசுகிறாள். சரி, நாமே செய்து கொடுப்போம் என்று 250 கிராம் பாஸ்தாவை நன்றாகக் குழைய வேகவைத்து, 60 கிராம் மைதாவும் அரை லிட்டர் பாலும் கொண்டு ஒயிட் சாஸ் காய்ச்சி, இரண்டு டப்பா டூனாவைச் சேர்த்து, மேலே சீஸ் தூவி, 220 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். எடுத்தபோது பொன்னிறமாக, பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. கரண்டியை விட்டால் கேக்கைப் போலத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. வாயில் போட்டால் மாவு; மீனோ நார் நாராகக் காய்ந்திருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தாள். எங்கே தவறினேன்? இதையே இக்காலத்துக்கு ஏற்றபடியும் நம் நாக்குக்குப் பிடித்தபடியும் செய்ய வழி உண்டா?

பதில்: அளவுகளை ஒளிக்காமல் எழுதியதால் தவறைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. இந்தச் சமையலில் ஈரத்தைக் குடிப்பவர்கள் மூன்று பேர். பாஸ்தா, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் ஓவனுக்குள் சாஸிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மைதாவின் மாவுச்சத்து சூடு ஏற ஏற உப்பிப் பாலைக் கட்டிக்கொள்ளும். ஆறும்போது மேலும் இறுகும். மூன்றாவது ஆள், ஓவனின் வெப்பக் காற்று. இந்த மூவரும் குடித்தது போகத் தட்டில் மிஞ்சுவதைத்தான் உங்கள் மகள் ‘கிரீமி’ என்று சொல்லியிருப்பார். அரை லிட்டர் பாலுக்கு 60 கிராம் மைதா என்பது கட்லெட் பிடிக்க உதவும் பதம். அதில் குழைய வெந்த பாஸ்தாவைப் போட்டு 40 நிமிடம் காய்ச்சினால் கரண்டிக்குத் துண்டாக வராமல் வேறு எப்படி வரும்? டூனாவோ, டப்பாவிலேயே நீராவி அழுத்தத்தில் முழுவதும் வெந்துவிட்ட மீன். அதற்கு ஓவனில் வேக வேண்டிய பாக்கி எதுவும் இல்லை, சூடேறினால் போதும்.

சேமியா பாயசம் ஆறினால் இறுகிப்போவதை அறியாத வீடு நம்மூரில் இல்லை. பந்தியில் பரிமாற வேண்டிய பாயசத்தை அடுப்பில் இருக்கும்போதே சற்று நீர்க்க இறக்குவது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கும் அதே நியாயம்தான்: ஓவனுக்குள் போகும்போது ‘இது என்ன, இவ்வளவு தண்ணீராக இருக்கிறதே’ என்று மனம் சற்றுக் கலங்க வேண்டும். கலங்கவில்லை என்றால் இன்னும் அரைத் தம்ளர் பால் ஊற்றுங்கள்.

நான்கு பேருக்கு நான் கொள்ளும் அளவைச் சொல்கிறேன். பாஸ்தா 250 கிராம் (டுரம் கோதுமையில் செய்த பென்னே அல்லது திருகு வடிவம், மைதாவில் செய்த மலிவான மக்ரோனி ஓவனில் கரைந்தே போகும்), வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், பால் 750 மில்லி, டூனா இரண்டு டப்பா, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, மொட்டுக் காளான் 150 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல். 180 கிராம் டப்பாவில் எண்ணெயையோ உப்புநீரையோ வடித்த பிறகு கைக்கு வரும் மீன் 120, 130 கிராம்தான் என்பதால் ஒரு டப்பாவோடு நிறுத்திக்கொண்டால் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பால் விஷயத்தில், ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 சதவீதம். நான் நீலத்தையே எடுத்துக்கொள்கிறேன். வெண்ணெயும் சீஸும் ஏற்கெனவே இருக்கும்போது பாலும் கொழுப்பாக இருந்தால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும்.

முதலில் சாஸ், பிறகே பாஸ்தா. வெந்த பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. காளானைத் தனியே வாணலியில் போட்டு, அது விடும் நீர் முழுவதும் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். அதே வாணலியில் வெண்ணெயை உருக்கி, பொடியாக அரிந்த வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, மைதாவைத் தூவிச் சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். ரவை வறுக்கும்போது ஒரு கட்டத்தில் பச்சை வாசனை போய் வேறொரு வாசனை எழும் அல்லவா, அது எழுந்ததும் வெதுவெதுப்பான பாலை முதலில் அரைத் தம்ளர் மட்டும் ஊற்றிப் பசையாகக் குழையுங்கள். பசையில் கட்டி இல்லை என்றால் சாஸிலும் கட்டி இருக்காது. பிறகு மீதிப் பாலை இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, கொதி வந்த பின் ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் விடுங்கள். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுவது போலச் சுண்டவிட வேண்டாம். மரக்கரண்டியை உள்ளே விட்டு எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு நிற்க வேண்டும். ஆனால் அதன் இரு கரையும் மெல்லக் கசிந்து உள்ளே இறங்க வேண்டும். கரை அசையாமல் கோடு அப்படியே நின்றால் சாஸ் கெட்டி, பாலைச் சேருங்கள்.

அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து தள்ளிவிடும். மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் நூல் நூலாகத் திரளும். கடையில் கட்டியாகக் கிடைக்கும் பிராசஸ்டு சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் உப்புகள் சேர்ந்திருப்பதால் அது சாஸுக்குப் பாதுகாப்பானது. அதில் 60 கிராம் துருவிப் போடுங்கள். கொடைக்கானலில் செய்யும் செட்டர் சீஸ் கிடைத்தால் அதை மேலே தூவ வைத்துக்கொள்ளுங்கள், மணம் அதற்குத்தான் அதிகம். கடுகு விழுது ஒரு தேக்கரண்டியும், ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டியும் இப்போது சேரட்டும். டூனாவிலும் சீஸிலும் பாஸ்தா வெந்த நீரிலும் உப்பு இருக்கிறது. ஆகையால் சுவைத்துப் பார்க்காமல் உப்புக் கரண்டியைத் தொடாதீர்கள்.

பாஸ்தாவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீரும் 25 கிராம் உப்பும் வேண்டும். உறையில் எத்தனை நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறார்களோ அதற்கு இரண்டு நிமிடம் முன்னதாக ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக வேகாத புள்ளி தெரிந்தால் அதுவே இறக்கும் நேரம். அந்தப் புள்ளி ஓவனில் வெந்துகொள்ளும். வெந்த நீரில் ஒரு தம்ளரை எடுத்து வைத்துவிட்டு வடித்து, சூடாகவே சாஸில் கொட்டி, காளானையும் பட்டாணியையும் கலந்து, கடைசியாக டூனாவைச் சேருங்கள். டூனாவை முள்கரண்டியால் மசிக்காமல், கையால் பெரிய இதழ்களாகப் பிரித்துப் போட்டு, அடியிலிருந்து மேலாக இரண்டே முறை புரட்டினால் போதும். கலவை இறுக்கமாகத் தெரிந்தால் எடுத்து வைத்த நீரை ஊற்றுங்கள். முன்பே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில், நடுத்தட்டில், 20 நிமிடம். ஓரத்தில் சாஸ் கொப்பளிக்க வேண்டும், மேலே சிவக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்து பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால் சாஸ் தன் பதத்துக்கு வந்து நிற்கும்.

இனி, ‘இக்காலத்துக்கு ஏற்றபடி’ என்ற கேள்வி. நவீனம் என்ற பெயரில் மயோனைஸையும் கண்ட கண்ட மசாலாப் பொட்டலங்களையும் இதில் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய முறையின் குறை, பால், வெண்ணெய், சீஸ் என்று எல்லாம் ஒரே மாதிரி மெத்தென்று இருப்பது. ஆகவே இதற்கு வேண்டியவை புளிப்பும் மொறுமொறுப்பும்தான். புளிப்புக்கு எலுமிச்சை. முதன்முறை செய்தபோது நான் அவசரப்பட்டு ஒரு பழத்தை முழுவதும் பாலில் பிழிந்துவிட்டு, மைதா சேருமுன்பே வாணலியில் பன்னீர் திரண்டு நிற்பதைப் பார்த்து விழித்தவள். அன்று முதல், பழத்தின் மஞ்சள் தோலை மட்டும், உள்ளே இருக்கும் கசப்பான வெள்ளைப் பகுதி படாமல், துருவிச் சாஸில் சேர்க்கிறேன். சாற்றைத் தட்டில் பரிமாறிய பிறகு பிழிந்துகொள்ளச் சொல்கிறேன். மணம் சமையலில் ஏறிவிடும், பாலும் திரியாது.

மொறுமொறுப்புக்கு, முந்தைய நாள் ரொட்டி மூன்று துண்டை உதிர்த்து, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் பிசிறி, அதில் ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலையை அரிந்து போடுங்கள். கூடவே ஒரு தேக்கரண்டி மாசித்தூள். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாகும்வரை காயவைத்ததுதான் மாசி. டூனாவுக்கு நம் கடற்கரையில் பெயரே சூரை. எனவே இது வெளியிலிருந்து ஒட்டவைத்த சேர்மானம் அல்ல, ஒரே மீனின் இரண்டு கோலம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் கருவாட்டு வாடை மேலோங்கிவிடும். உங்கள் மகள் இம்முறை வாய் திறந்தே சொல்லிவிடுவார்.

கேள்வி (திருநகர் வாசகர்): எங்கள் வீட்டில் கேசரோல் என்றால் இட்லியைச் சூடாக வைக்கும் ஹாட்பாக்ஸ். அந்தப் பெயர் இந்தச் சமையலுக்கு எப்படி வந்தது?

பதில்: பெயர் பிரெஞ்சுக்காரர்களுடையது, அவர்கள் மொழியில் அது ஒரு பாத்திரம். ஆங்கிலத்துக்கு வந்தபோது, அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேசைக்குக் கொண்டுவரும் மூடி போட்ட பாத்திரத்தையும், அதில் வெந்ததையும் சேர்த்தே அந்தச் சொல் குறித்தது. நம்மூர்க் கடைக்காரர்கள் சூடு காக்கும் டப்பாவுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இருவரும் சொல்வது சரி. உங்கள் பிளாஸ்டிக் கேசரோலை ஓவனில் வைத்துவிடாதீர்கள் என்பது மட்டுமே என் கவலை.

சமையலின் கதை அவ்வளவு பழையதன்று. கலிஃபோர்னியாவில் 1903ஆம் ஆண்டு மத்தி மீன் வரத்துக் குறைந்தபோது டப்பாத் தொழிற்சாலைக்காரர்கள் டூனாவை அடைத்துப் பார்த்தார்கள். 1934இல் கேம்ப்பெல் நிறுவனம் டப்பாவில் அடைத்த காளான் சூப்பைக் கொண்டுவந்தது. இந்த இரண்டு டப்பாவையும் திறந்து, முட்டை நூடுல்ஸோடு கலந்து ஓவனில் வைத்தால் இரவு உணவு ஆயிற்று என்பதால் 1950களில் அமெரிக்க வீடுகளில் இது வாரந்தவறாத சமையலாயிற்று. சாஸை நாமே காய்ச்சுவது சூப் டப்பா இடத்தில்தான். காளானை நான் விடாமல் சேர்ப்பதும் அந்த உறவை முன்னிட்டே.

கேள்வி (திருமங்கலம் வாசகி): மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்று என் அத்தை (மாமியார்) இதை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

பதில்: அத்தை சொல்வது அவராகச் சொன்னதில்லை. மீனும் பாலும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை என்பது சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலிலேயே இருக்கும் கருத்து. தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஆகவே அவரிடம் ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று எடுத்தெறிந்து பேச வேண்டாம். ஆனால் இன்றைய மருத்துவம் அறிந்தவரையில், வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கி அழிப்பதால் வருவது. மீனும் பாலும் சேர்வதால் அது வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பாலிலும் வெண்ணெயிலும் மீனை வேகவைத்து உண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருக்கிறது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களும், பால் செரிக்காதவர்களும் விலகியிருக்க வேண்டும் என்பது வேறு. அவரவருக்கு ஒவ்வாதது தனியாக உண்டாலும் ஆகாது.

இத்தனையும் சொல்லியும் அத்தை இசையவில்லை என்றால் வாதத்தை விட்டுவிட்டுத் தேங்காயை உடையுங்கள். மீனும் தேங்காய்ப்பாலும் சேர்வதை அவர் மறுக்க மாட்டார். இரண்டாம் பால் 600 மில்லியை மைதாவோடு மேலே சொன்னபடியே காய்ச்சி, அணைத்த பிறகு முதல் பால் 150 மில்லியைச் சேருங்கள். மைதாவின் பிடிப்பு இருப்பதால் ஓவனில் திரியாது. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ கொள்ளலாம். சீஸை விட்டுவிட்டு, இரண்டு பச்சை மிளகாயும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்தால் சொதியின் சாயல் வந்துவிடும். உண்மையைச் சொன்னால், பால் சாஸை விட எனக்கு இதுவே அதிகம் பிடித்தது.

கேள்வி (ஆரப்பாளையம் வாசகர்): கரிமேடு மீன் மார்க்கெட்டில் சூரை மீன் கிடைக்கும்போது எதற்காக டப்பா? புது மீனில் செய்தால் என்ன?

பதில்: தாராளமாகச் செய்யலாம், சுவையும் கூடும். ஆனால் சூரையை வாங்குவதில் மற்ற மீனை விட ஒரு மடங்கு கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். வழியில் பனிக்கட்டி குறைந்து மீன் சூடேறினால், சூரையின் சதையில் இயல்பாக மிகுந்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். பார்வைக்கும் முகர்வதற்கும் மீன் நன்றாகவே இருக்கக்கூடும் என்பதும், எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது என்பதும்தான் இதில் உள்ள சிக்கல். எனவே பனிக்கட்டியில் புதைத்து வைத்திருக்கும் மீனை மட்டும் வாங்கி, வீட்டுக்கு வரும்வரை பனிக்கட்டியோடே கொண்டுவந்து, அன்றே சமையுங்கள். வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு பட்டது போலச் சுரீரென்றால் துப்பிவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

வீட்டில் செய்யும் விதம் இது. முள்ளில்லாத துண்டாக 400 கிராம் வாங்குங்கள். நடுவே நீளவாக்கில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை வெட்டி நீக்கிவிடுங்கள். இரத்த வாடை அதில்தான் இருக்கிறது. குழம்பில் புளியும் மிளகாயும் அதை மறைத்துவிடும், வெள்ளைச் சாஸில் மறைக்க எதுவுமில்லை. உப்பும் மிளகும் ஒரு பிரிஞ்சி இலையும் போட்டுக் கொதித்த நீரில் துண்டுகளை இட்டு, சலசலவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மஞ்சள்தூள் வேண்டாம், சாஸ் நிறம் மாறிவிடும்.

கேள்வி (மேலூர் வாசகி): எங்களிடம் ஓவன் இல்லை. இட்லிப் பானையும் வாணலியும்தான்.

பதில்: போதும். அடி கனத்த வாணலியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு சிறு வளையத்தையோ கிண்ணத்தையோ கவிழ்த்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். கலவையை எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரத்தில் நிரப்பி வளையத்தின் மேல் வைத்து, மூடி, மிதமான தீயில் 25 நிமிடம் விடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கேக் செய்யும் வீடுகளுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் இதில் மேலிருந்து அனல் கிடையாது. எத்தனை நேரம் வைத்தாலும் மேல்புறம் சிவக்காது, அதற்காகக் காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும். ஆகவே ரொட்டித் தூளைத் தனியே தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு மொறுமொறுவென்று வறுத்து வைத்து, பரிமாறும்போது தூவுங்கள். ஒளிக்காமல் சொன்னால், ஓவனில் வருவதை விட இதில்தான் மொறுமொறுப்பு நன்றாக நிற்கிறது. சாதாரண மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களும் ரொட்டித் தூளை இப்படியே தனியே வறுத்துத் தூவலாம். அதிலும் மேல்புறம் சிவக்காது.

கேள்வி (விருதுநகர் வாசகர்): ரொட்டித் தூளுக்குப் பதில் சாத்தூர்க் காராச்சேவை நொறுக்கிப் போட்டேன். நல்ல யோசனை என்று நினைத்தேன். நமத்துப்போய், உப்பும் கூடிவிட்டது.

பதில்: யோசனை நல்லதுதான், நேரம்தான் தவறிவிட்டது. அமெரிக்க வீடுகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கி மேலே தூவும் வழக்கம் உண்டு, அதற்கு நம் பக்கத்துச் சரியான மாற்று சேவுதான். ஆனால் பொரித்த பண்டம் கீழிருந்து எழும் நீராவியை உறிஞ்சி நமத்துவிடும். முதலில் சீஸை மட்டும் தூவி 15 நிமிடம் வைத்து, சீஸ் உருகி ஒரு படலமாகப் படிந்த பிறகு அதன்மேல் சேவைத் தூவி, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். படலம் ஆவியை ஓரளவு தடுக்கும். பூண்டு போட்ட சேவு மீனின் மணத்தை அடித்துவிடும், மிளகுச் சேவு பொருந்தும். சாஸில் உப்பையும் மிளகையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி (கே.கே. நகர் வாசகி): ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: டூனாவில் பாதரசம் சிறிதளவு சேர்ந்திருக்கும், மீன் பெரிதாக ஆக அதுவும் கூடும். சிறிய வகையான வரிச்சூரையை அடைத்த ‘லைட்’ என்று குறித்த டப்பாவில் அது குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாதரசம் குறைந்த இவ்வகை மீன்களைக் கர்ப்பிணிகள் வாரம் இரண்டு மூன்று முறை, முறைக்கு 113 கிராம் அளவில் உண்ணலாம் என்கிறது. மஞ்சள் துடுப்புச் சூரை, அல்பகோர் போன்றவை என்றால் வாரம் ஒரு முறை மட்டுமே. டப்பாவின் சிட்டையைப் படித்து வாங்குங்கள், அவரைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர் வாசகி): நாங்கள் சைவம். மீன் இல்லாமல் இது எடுபடுமா?

பதில்: எடுபடும். வெள்ளைக் கொண்டைக்கடலையைக் குழையாமல் வேகவைத்து, ஒன்றிரண்டாக மசித்து, எலுமிச்சைச் சாற்றில் பிசிறி டூனா இடத்தில் சேருங்கள். உதிர்த்த மீனின் கடிபதம் கிட்டத்தட்ட வந்துவிடும். கடலையும் ஈரத்தைக் குடிக்கும் என்பதால் பால் இன்னும் 100 மில்லி கூட வேண்டும். மாசி கிடையாது என்பதால் காளானை இரட்டிப்பாக்குங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): மிஞ்சியதை மறுநாள் வைத்துச் சாப்பிடலாமா? திறந்த டப்பாவில் பாதி மீன் மீதமிருந்தால் என்ன செய்வது?

பதில்: நம்மூர்ச் சித்திரை வெயிலில் சமைத்த மீனையும் பாலையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைத்திருக்கக் கூடாது. மிஞ்சியதை ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் எடுக்கும்போது சாஸ் இறுகியிருக்கும். கால் தம்ளர் பாலைப் பரவலாகத் தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, 160 டிகிரியில் 20 நிமிடம், நடுப்பகுதியில் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை அப்படியே சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடும். திறந்த டப்பாவில் மீனை விட்டுவைக்காமல் மூடி போட்ட கிண்ணத்துக்கு மாற்றி, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வாங்கும்போதே உப்பியிருக்கும் டப்பாவையோ, திறக்கும்போது பீறிட்டுச் சீறும் டப்பாவையோ நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம்; அப்படியே கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.